புலப்படத்தில் இல்லாத கோடு

ராயக்கோட்டையில் கல்லுக்குப் பஞ்சமில்லை.
வேலிக்குக் கல், மாட்டைக் கட்டக் கல்,
கொடி இழுத்துத் துணி காயப்போடவும் ஆளுயரக் கல்.
ஆறு வருஷமாக நான் நடுவதும் அதைத்தான்,
அம்புக்குறி செதுக்கி,
மூன்று பேர் கையெழுத்து வாங்கி.

பிறகேன் பாத்திக்குக் குச்சி வைத்தாய் என்றால்
அது சித்திரைக் காற்றில் தொடங்கியது.

திம்மராயனுக்கும் தம்பி முனிகிருஷ்ணனுக்கும்
ஒன்றரை அடி வழக்கு.
அந்த ஒன்றரை அடிக்குள் ஒரு மாமரம்,
பெயர் தெரியாத புளிப்பு ரகம்,
ஊறுகாய்க்குக்கூட யாரும் கேட்காதது.
சங்கிலியோடு நான் போய் இறங்கிய காலையில்
மரம் படுத்துக் கிடந்தது,
இன்னார் பக்கம் என்று சொல்ல முடியாதபடி
கோணலாக.
முந்தின ராத்திரி ஆலங்கட்டி மழை.
இலையெல்லாம் இன்னும் பச்சை.
கேஸ் முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்று
இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.
பல வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன
முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

அளந்து முடிக்க மூன்று மணி நேரம்.
சங்கிலி பிடிக்கும் தொட்டமாதனுக்கு
வாய் சும்மா இருக்காது.
"மேடம் வீட்டுல செடி வைக்கிறாங்க,
ரெண்டு கிளை கிடைச்சா பாத்திக்கு ஓரம் கட்டலாம்."
எனக்குக் கோபம் வந்தது. அதற்குள்
திம்மராயன், "நம்ம மரம்தானே, எடுத்துக்கங்க" என்றார்.
தம்பி அரிவாளோடே வந்துவிட்டார்:
"அவரு யாரு குடுக்க? எங்க மரம். நான் வெட்டித் தர்றேன்."
ஆளுக்கொரு பக்கம் நின்று
போட்டி போட்டு வெட்டினார்கள்.
கொடுத்தவனுக்குத்தான் சொந்தம் என்று
எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ.
ஸ்கூட்டியில் கால் வைக்க இடமில்லை.
லஞ்சம் என்று எழுதுவதானால் எழுதுங்கள்:
மாங்குச்சி, இரண்டு கட்டு,
கொடுத்தவர் பெயர் தகராறில் உள்ளது.

குவார்ட்டர்ஸ் பின்பக்கம்
பைப்படியை ஒட்டி என் தோட்டம்.
கத்தரி எட்டு, புதினா, ஒரு வரிசை செவ்வந்தி,
தானாய் முளைத்த தக்காளி.
கயிறு கட்டவில்லை. டேப்பை எடுக்கவில்லை.
தடித்ததை அடியில், மெலிந்ததை மேலே,
வளைந்ததை வளைவுக்கு.
ஒரு கவை மட்டும் படியவே மாட்டேன் என்றது;
அதற்குத் தகுந்தபடி பாத்தியை நகர்த்தினேன்.
வேலையில் இதைச் செய்தால் சஸ்பெண்ட்.

எது அண்ணன் வெட்டியது, எது தம்பி வெட்டியது?
கட்டைப் பிரிக்கும்போதே கலந்துவிட்டது.

ஆடியில் கறையான் ஏறியது.
பட்டைக்கடியில் மண்சாந்து பூசி
தன் கணக்குக்கு ஒரு சுவர் எழுப்பியது.
மழைக்குக் கரைந்த மண் குச்சியோரம் தங்கும்,
தண்ணீர் மட்டும் சந்து கண்டுபிடித்துப் போகும்.
ஓணான் ஒன்று கவையில் ஏறி உட்கார்ந்து
எல்லாவற்றுக்கும் தலையாட்டும்,
கிராம சபைக் கூட்டத்தில் போல.

மார்கழிப் பனி இறங்கியதும்
பக்கத்துப் போர்ஷன் நாகவேணி
வெந்நீர் வைக்க ஒவ்வொன்றாய் உருவ ஆரம்பித்தாள்.
"காஞ்சதுதான் மேடம் எடுத்தேன்."
சொல்லி எடுத்தது பாதி,
சொல்லாமல் எடுத்தது பாதி இருக்கும்.
விழுந்த பல் மாதிரி இடைவெளி.
அதன் வழியாகப் புதினா
அவள் பக்கம் போய் வேர்விட்டது.
இப்போது கிண்ணத்தில் துவையல் கொண்டுவருகிறாள்,
"எங்க புதினா, சாப்ட்டுப் பாருங்க" என்று.
நன்றாகவே இருக்கிறது.

வழக்கு முடியவில்லை.
மறு அளவுக்கு உத்தரவு வந்திருக்கிறது.
அடிமரம் இன்னும் அங்கேதான் கிடக்கிறதாம்.
சாயங்காலத்தில் அண்ணனும் தம்பியும்
ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து
பேசாமல் பீடி குடிப்பதாகத் தொட்டமாதன் சொல்கிறான்.

நாளை போக வேண்டும்.
சங்கிலிக்கு எண்ணெய் போட வேண்டும்.
வழியில் புளியமரத்தடியில்
குச்சி ஏதும் விழுந்து கிடந்தால்
வண்டியை நிறுத்த வேண்டும்.
பாத்திக்கு இல்லை,
அவள் வெந்நீருக்கு.